மேல்மாடியிலிருந்து

குட்டாயிசியில் எங்கள் கட்டடத்து லிஃப்ட்டுக்குக்
காசு போட வேண்டும்.
ஓத்தார் போடுவதில்லை.
ஆறாம் மாடியிலிருந்து ஐந்தாம் மாடிக்குப்
பதினெட்டுப் படிதான்.
அந்தப் பதினெட்டை இறங்க அவருக்கு
ஒன்பது வருடம் பிடித்தது.

அதுவும் தானாக இறங்கவில்லை.
இத்தாலியில் யாரோ ஒரு கிழவியைக்
குளிப்பாட்டிச் சம்பாதிக்கும் என் மகள் தேயோனா
அங்கிருந்தே அவரை அழைத்துச் சொல்லியிருக்கிறாள்:
அம்மாவுக்குக் கை நடுங்குகிறது,
சொட்டு கன்னத்தில் விழுகிறது, காதில் விழுகிறது,
கண்ணில் மட்டும் விழுவதில்லை.

வீட்டுச் செருப்போடு வாசலில் நின்றார்.
டிராலிபஸ் ஓட்டிய கை.
அவர் வளைவில் திரும்பினால்
சந்தைக்காரியின் கூடையில் ஒரு முட்டையும் உடையாது
என்று ஊரில் பேர்.
"படுங்கள், லமாரா" என்றார்.
படுத்தேன். வேறென்ன செய்ய?

முதலில் வெள்ளை மூடி, கிருமிக்கு.
பிறகு ஐந்து நிமிடம் பொறுக்க வேண்டும்,
இல்லையென்றால் ஒன்றை மற்றது கழுவிவிடும்.
அப்புறம் நன்றாகக் குலுக்கி
இளஞ்சிவப்பு மூடி, வீக்கம் வற்ற.

ஐந்து நிமிடம் எவ்வளவு நீளம் என்று
பேச்சில்லாதவர்களைக் கேட்க வேண்டும்.
அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.
நான் கூரையைப் பார்த்தேன்.
கூரையிலும் அவர்தான் இருந்தார்.

தண்ணீர் முறைவைத்து வந்த காலம்.
காய்ந்த குழாயைத் திறந்தபடி விட்டுவிட்டு
மனிதர் தூங்கிப்போனார்.
விடிவதற்குள் என் பியானோவின் மேல்
சொட்டு, சொட்டு, சொட்டு.
கீழ்க்கட்டைகள் இன்றும் இருமுகின்றன.
மறுநாள் வைன் ஜாடியோடு வந்தார்.
கதவைச் சாத்தினேன்.

அதோடு ஆறியிருப்பேன்.
ஆனால் கறை வளர்ந்தது.
வருடாவருடம் மஞ்சளாகி, அகலமாகி,
ஜன்னல் வரை வந்தது.
இன்னும் கசிய விடுகிறான் என்று
நகராட்சிக்கு நான்கு மனு எழுதினேன்.
ஏணி போட்டுத் தடவிப் பார்த்த பொறியாளர்
"காய்ந்துதான் இருக்கிறது, அம்மா" என்றார்.
லஞ்சம் வாங்கியிருப்பான் என்று
அவர்மேல் ஐந்தாவது மனு.

எட்டாம் நாள் கண்ணில் சிவப்பு வடிந்திருந்தது.
வெள்ளை மூடி ஆயிற்று, காத்திருக்கும் நேரம்.
சும்மா இடது கண்ணைப் பொத்தினேன்.
கறை ஓர் உள்ளங்கை அளவு.
மேசையில் தேநீர்க் கோப்பை வைத்த தடம் மாதிரி,
அவ்வளவே.
வலது கண்ணைப் பொத்தினேன்.
கூரை முழுக்கக் கறை. சுவர், திரைச்சீலை,
என் தலையணை உறை,
குனிந்திருந்த ஓத்தாரின் முகம்,
எல்லாம் கறை.
மறுபடி மாற்றினேன்.
மறுபடி.

"உறுத்துகிறதா?" என்றார்.
"உறுத்துகிறது" என்றேன்.
பொய் இல்லை.

இந்த மருந்தைச் சட்டென்று நிறுத்தக்கூடாதாம்,
வீக்கம் திரும்பி வந்துவிடுமாம்.
நாளுக்கு நான்கு, அடுத்த வாரம் மூன்று,
பிறகு இரண்டு, பிறகு ஒன்று.
அப்படியே என் வீட்டிலிருந்து
ஓத்தாரும் குறைந்தார்.
வெள்ளை மூடி முதல் வாரத்தோடு தீர்ந்துவிட்டது,
காத்திருக்கக் காரணம் இல்லை.
ஆனாலும் அந்த ஐந்து நிமிடம் உட்கார்ந்தார்.

மூன்றாம் வாரம் ஒரு சாயங்காலம்
கடிகாரத்தைப் பார்க்காமலே சொன்னார்:
"சீசினோவின் பெட்டி லிஃப்ட்டில் நுழையவில்லை.
படி வழியே இறக்கும்போது
உங்கள் கதவில் இடித்துக் கீறிவிட்டது.
பூசித் தர வேண்டும் என்று இருந்தேன்."

எனக்கு அந்தச் சத்தம் தெரியும்.
கதவுக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தேன்,
தாழ்ப்பாளில் கை வைத்தபடி.
சொட்டு விழுந்தது.
வழிந்ததெல்லாம் மருந்து என்று
பஞ்சால் ஒற்றிவிட்டார்.

திறந்து இருபத்தெட்டு நாளான குப்பியை
எறிந்துவிட வேண்டும்.
அவரே எறிந்தார்.
மனுக்களைப் பற்றி நான் இன்னும் சொல்லவில்லை.
வாசலில் நின்று
கதவின் கீறலைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே கேட்டார்:
"அடுத்த கண் எப்போது?"
"டிசம்பரில்."
"அதற்குள் கூரைக்கு வெள்ளையடித்துவிடுகிறேன்."
"வேண்டாம்" என்றேன்.
"அது சின்னதுதான்."